கிராம அறிவு மையம்

கிராம அறிவு மையம் என்பது ஓர் இணைய இணைப்பின் பயனை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் பொது இடமாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் புதுச்சேரிப் பகுதியில் இத்திட்டத்தைத் தொடங்கியது.

செயற்பாடு

வில்லியனூரில் அமைந்த நடுவ மையம் இணையத்தில் பெற்ற தகவல்களைத் தமிழாக்கி, இருவழி வானொலி மூலம் பிற ஊர்களின் மையங்களுக்கு அனுப்பியது. இடத்தை ஊரே இலவசமாக அளித்தது. சாதி, பால் வேறுபாடின்றி அனைவரையும் அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுக்கப்பட்ட அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊரினர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, அதன் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மக்கள் வெளியேறி உயிர்தப்பினர்.