குடம் துறந்த பேஸ் வாத்தியம்

மேல்நாட்டு இசைக்குழுவின் பின்வரிசையிலே ஆளுயரத்தை எட்டி நிற்கும் டபிள் பேஸ் என்னும் வாத்தியத்தை நேயர் பலர் படத்திலாவது கண்டிருப்பர். அடி முதல் முடி வரை ஏறக்குறைய 180 சென்ரிமீற்றர் உயரமுடையது அது. அதன் நான்கு தந்திகளுள் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அவ்வதிர்வு எழுப்பும் அலை ஒவ்வொன்றும் காற்றிலே எட்டு மீற்றருக்கும் சற்று மேலான நீளமுடையது. அத்துணை நீண்ட அலையை எழுப்ப அகன்ற மரப்பலகையும் பெருங்குடமும் வேண்டும் என்பதே பண்டைக் கைவினைஞர் கண்ட வழி.

அக்குடமே வாத்தியத்தின் பெருமை; தொல்லையும் அதுவே. அதை வண்டியில் ஏற்றுவது ஒரு பாடு. மாடிப்படியில் ஏற்றுவது மற்றொரு பாடு. முரசும் எக்காளமும் முழங்கும் நடன மண்டபத்திலோ இத்தனை பெரிய வாத்தியத்தின் குரல் அமிழ்ந்து போகும். அதன் அருகே ஒலிவாங்கி வைத்தால் வேறொரு வினை விளையும். ஒலிபெருக்கியின் நாதம் திரும்பி வந்து குடத்தை அதிரச் செய்ய, அவ்வதிர்வு மீண்டும் ஒலிவாங்கியில் ஏற, அரங்கமெங்கும் ஊளை எழும்.

இத்தொல்லையைத் தீர்க்க அமெரிக்காவில் முயன்றோர் பலர். 1930களின் நடுப்பகுதியில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் குடத்தையே நீக்கி, தண்டும் விரற்பலகையும் தந்திகளும் மட்டும் கொண்ட பேஸ் ஒன்றைச் செய்தது. அது தன் மின்பெருக்கிப் பெட்டியின் மீதே ஊன்றி நின்றது. எவரெற் ஹல் என்னும் பேஸ் வாத்தியக்காரர் 1940களில் மாறான வழியிற் சென்றார். வாத்தியத்தைத் தாங்கும் அடிக்காலின் முனையிலே ஒலிவாங்கியைப் பொருத்தி, அதைக் குடத்தினுள்ளே செருகினார். அவருடைய அம்பெக் நிறுவனத்தின் பெயர், ‘பெருக்கப்பட்ட முளை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாகும். 1951ஆம் ஆண்டில் ஃபெண்டர் நிறுவனம் தோளில் மாட்டும் பேஸ் கித்தாரை வெளியிட்டது. அதன் தந்தி நீளம் 86 சென்ரிமீற்றர். விரற்பலகையிலே சுரம் காட்டும் உலோக மெட்டுக்களும் உண்டு. பெரும்பாலோர் அதன் பக்கம் சாய்ந்தனர். ஆயினும், நின்ற வாத்தியத்தை அணைத்து வாசித்துப் பழகிய கைக்கும், மெட்டில்லாப் பலகையில் சுரத்தை வழுக்கி எடுக்கும் சுவைக்கும் பேஸ் கித்தார் ஈடாகவில்லை. அவ்விரண்டையும் விட மனமில்லாதவர்க்கே நிமிர்நிலை மின் பேஸ் உரியது.

இவ்வகையிற் புகழ்பெற்றது அம்பெக் நிறுவனம் 1962இல் வெளியிட்ட ‘பேபி பேஸ்’. சிக்காகோவிலே சோர்க்கோ என்ற பெயரில் முன்னரே செய்யப்பட்ட ஒரு வாத்தியத்தை அந்நிறுவனம் வாங்கித் திருத்தியமைத்தது. அதன் உடல் பிளாஸ்ரிக்கினால் ஆனது. அளவிலே செலோவை ஒத்தது. தந்தி நீளம் மட்டும் டபிள் பேஸுக்கு உரியது. பெரிய வாத்தியத்தின் நாதத்தை இது நெருங்கவில்லை என ஜாஸ் இசைஞர் பலர் ஒதுக்கினர். ஆனால் நியூயோர்க் நகரில் கியூபா, போட்டோ றிக்கோ வழிவந்த நடன இசைக்குழுக்கள் அதை ஆவலோடு ஏற்றன. அடித்தவுடன் தடித்தெழுந்து விரைவில் அடங்கும் அதன் குரல், கொங்கா முரசின் அடிகளுக்கிடையே தெளிவாகக் கேட்டது. பழைய பேஸுக்குக் குறையாகக் கருதப்பட்டது அங்கே குணமாயிற்று. அதன் உற்பத்தி ஓய்ந்த பின்னரும் அக்குழுக்கள் பழைய வாத்தியங்களைத் தேடி வாங்கின. 2020 வரை வாழ்ந்த அன்டி கொன்சாலெஸ் அதன் வலிமையை உணர்த்தியோருள் ஒருவர்.

ஜேர்மனியரான எபர்ஹார்ட் வெபர் மற்றொரு சான்று. மேலே ஒரு மெல்லிய தந்தி கூட்டி ஐந்து தந்தி கொண்ட மின் பேஸை 1970களிலே தமக்கென ஆக்கிக்கொண்டார் அவர். பாடுவது போன்ற நீண்ட நாதத்தை அதில் வரவழைத்தார். 2007இல் பக்கவாதம் அவருடைய வாசிப்பை நிறுத்திவிட்டது. 2012இல் வெளியான இசைத்தட்டுக்குப் பழைய கச்சேரிப் பதிவுகளிலிருந்த தம் தனி வாசிப்புக்களையே அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்.

ஆகவே வாங்குவோர் முதலில் தம்மையே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: பழைய பேஸுக்குப் பதிலாள் வேண்டுமா, புதிய குரல் வேண்டுமா? புதிய குரலை நாடுவோர் காதையே நம்பலாம். பதிலாளைத் தேடுவோரோ காதுக்கு முன் கையைக் கேட்க வேண்டும். கடையில் மெருகையும் மரத்தின் வரிகளையும் கண்டு மயங்குவோர் பலர். அளவுகோலோடு செல்வோர் மிகச் சிலர்.

அளக்க வேண்டியது தந்தியின் நீளம். தலைப்பக்கத்துச் சிறு கட்டை முதல் குதிரை வரை, டபிள் பேஸிலே அது பொதுவாக 104 முதல் 107 சென்ரிமீற்றர். மெட்டில்லாத பலகையிலே சுரம் நிற்பது வாசிப்பவரின் கைப்பழக்கத்தில்தான். நிமிர்ந்து நிற்கும் மின் வாத்தியங்களுள் 86 சென்ரிமீற்றரளவே உடையனவும் உண்டு. பேஸ் கித்தாரிலிருந்து வருவோர்க்கு அவை நல்ல துணை. ஆனால் பகலிலே டபிள் பேஸும் இரவிலே அதுவுமாக வாசித்துப் பிழைப்பவர்க்கு இரு வாத்தியத்திலும் சுருதி தடுமாறக்கூடும். சேமிப்பைக் கொட்டி வாங்கியது ஒருவரின் தொழிலையே கெடுக்கும் இடம் இது.

அடுத்தது கழுத்தின் அடிவளைவு. டபிள் பேஸிலே இடக்கை கீழிறங்கி வரும்போது, கழுத்தும் குடமும் கூடும் வளைவிலே பெருவிரல் முட்டும். அப்போது ஆட்காட்டி விரல், மெல்லிய ஜீ தந்தியிலே டி சுரத்திலோ அதற்கு அரைச்சுரம் மேலோ நிற்கும். இருட்டிலும் வழிகாட்டும் மைல்கல் அது. சில மின் வாத்தியங்களில் அவ்வளைவே இல்லை. சிலவற்றில் வேறிடத்தில் உண்டு. குடத்தின் விளிம்பு இல்லாமையால் உடலைச் சார்த்துவதற்கும் இடமில்லை. யமஹாவின் ‘சைலன்ற் பேஸ்’, குடத்தின் விளிம்பை ஒத்த சட்டங்களைக் கழற்றி மாட்டும்படி அமைத்து இக்குறையைத் தீர்க்கிறது. முக்காலியில் நிறுத்தும் வாத்தியங்கள் அசையாமல் நிற்பது வசதியே. எனினும் வாத்தியத்தோடு தாமும் அசைந்து பழகியவர்க்கு அது தூணோடு மல்லாடுவது போலிருக்கும்.

வில்லினால் வாசிப்பவர் குதிரையின் முதுகைப் பார்க்க வேண்டும். அது போதிய அளவு வளைந்திராவிடின், வில் ஒரு தந்தியைத் தொடும்போதே அடுத்ததையும் தீண்டும்.

இனி, தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்அப். காந்தமும் சுருளும் கொண்டது ஒருவகை. அது இரும்புக் கலப்புள்ள தந்தியை மட்டுமே அறியும். குடல் நரம்புக்கும் நைலோனுக்கும் செவிடு. அதன் குரல் பேஸ் கித்தாரின் பக்கம் சாயும். மற்றது படிக வகை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுமென்பதைக் கியூரி சகோதரர் 1880இல் கண்டறிந்தனர். பழைய கிராமபோன் பெட்டிகள் சிலவற்றின் ஊசிமுனையிலும் அந்நுட்பமே வேலை செய்தது. குதிரையின் கீழே அமரும் இவ்வகைப் பிக்அப், எத்தந்தியையும் ஏற்கும்; விரல் படும் ஓசையையும் வில் உராயும் ஓசையையும் தவறவிடாது. நெட் ஸ்ரைன்பேர்கர் அமைத்த வாத்தியங்கள் சிலவற்றில், தந்தி பக்கவாட்டில் அசைவதையும் மேல்கீழாக அசைவதையும் வேறுபடுத்தி ஏற்கும் ஆளி ஒன்றுண்டு. வில்லுக்கு ஒரு நிலை, விரலுக்கு ஒரு நிலை.

படிகப் பிக்அப்பினால் ஏமாந்தோர் பலர் வாத்தியத்தையே பழிப்பர். “மூக்கால் பேசுகிறது, அடிநாதமே இல்லை” என்பது அவர்கள் குறை. குற்றமோ பெரும்பாலும் மின்பெருக்கியின் வாயிலிலே உள்ளது. கொள்ளளவு 1 நனோபரட் உள்ள பிக்அப்பை 1 மெகாஓம் தடையுள்ள வாயிலில் இணைத்தால், செக்கனுக்கு 159 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் மெலியத் தொடங்கும். டபிள் பேஸின் திறந்த தந்திகளிலே மிக உயர்ந்த ஜீ தந்தியே 98 அதிர்வுதான். ஆகவே நான்கும் நலிவுறும். 10 மெகாஓம் வாயிலாயின் அவ்வெல்லை 16 அதிர்வுக்கு இறங்கிவிடும். அடிநாதம் முழுதாக வரும். புது வாத்தியம் தேடுமுன் அத்தகைய சிறு முன்பெருக்கி ஒன்றை வாங்கிப் பார்ப்பது செலவு குறைந்த வழி.

வீட்டுக்கு வந்த வாத்தியத்தை முதலில் உயரத்துக்குச் சரிசெய்வர். தலைப்பக்கத்துக் கட்டை நெற்றியளவில் நிற்பது பொதுவான தொடக்கம். ஆயினும் தீர்ப்பளிக்க வேண்டியது வலக்கை: முதுகு கூனாமல் அது தந்தியை எட்ட வேண்டும். அதன்பின் குதிரை. தந்தியின் சரிபாதியில் விரலால் மெல்லத் தொட்டுத் தட்டினால் மேற்ஸ்தாயி இன்னொலி மணிபோல் எழும். அவ்விடம் கைக்குப் பழகிய இடத்தோடு பொருந்தும்வரை, நகர்த்தக்கூடிய குதிரையாயின், தந்திகளைத் தளர்த்திச் சிறிது சிறிதாக நகர்த்துவர். பலகையின் கீழ்முனையிலே தந்தி எழுந்து நிற்கும் உயரம், உருக்குத் தந்தியை விரலால் வாசிப்பவர்க்கு, மெல்லியதற்கு 5 முதல் 7 மில்லிமீற்றரும் தடித்ததற்கு 8 முதல் 10 மில்லிமீற்றரும் எனத் தொடங்கலாம். மின்பெருக்கி இருப்பதால் பலமாக அடிக்கத் தேவையில்லை என எண்ணி இன்னும் தாழ்த்துவோர் உண்டு. தந்தி பலகையில் மோதிச் சலசலக்கும்போது அவர்களே மீண்டும் உயர்த்துவர்.

தந்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோகிராம் நிறையின் விசையோடு இழுக்கிறது. பிருடையை முறுக்குந்தோறும் குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். புதுத் தந்தி பூட்டிய முதற் சில நாள்கள் சுருதி கூட்டும்போதெல்லாம் அதை இரு கைகளாலும் பற்றி நிமிர்த்துவது வழக்கம். பயணத்திற்காகத் தந்திகளைத் தளர்த்துவோர், குதிரையின் பாதங்களைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடொன்று இட்டுக்கொள்வர்.