மைதானம் பூட்டிய பிறகு தொடங்கும் ஆட்டம்!

2010 டிசம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி, தன் மைனர் லீக் வீரர் ஒருவரை விடுவித்தது. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிற ஒற்றை வரிச் செய்திதான். குளிர்காலம் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் வரும். யாரும் நின்று படிப்பதில்லை. அந்த வரியில் இருந்த பெயர் தினேஷ் படேல். ஊர், உத்தரப்பிரதேசம்!

இந்தக் கதையின் முதல் பாதி நம்மில் பலருக்குத் தெரியும். 2008-ல் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்றொரு டி.வி போட்டி நடந்தது. வேகமாக, குறி தவறாமல் பந்து எறிபவருக்குப் பரிசு. ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டதில் முன்னால் வந்தவர்கள் ரிங்கு சிங்கும் (கிரிக்கெட் ரிங்கு அல்ல, இவர் வேறு) தினேஷ் படேலும். இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை. அமெரிக்காவில் சில மாதங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, அந்த நவம்பரிலேயே பைரேட்ஸ் அணியோடு மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டிஸ்னி இதைப் படமாக எடுத்தது. 2014-ல் வந்த அந்தப் படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

படம், ஒப்பந்தம் கிடைத்த சந்தோஷத்தோடு முடிந்துவிடும். ஆனால், மைனர் லீக் ஒப்பந்தம் என்பது கதவைத் திறந்து உள்ளே விடுவது மட்டும்தான். உட்கார நாற்காலி கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சியில் 30 மேஜர் லீக் அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் கீழே படிக்கட்டுபோல நான்கு அணிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. மொத்தம் 120. அதற்கும் கீழே புதுமுகங்களுக்கான லீக்குகள். சிறு நகரங்களில் இருக்கும் இந்த அணிகளில் ஒரு வேடிக்கை உண்டு. மைதானம், டிக்கெட், பாப்கார்ன் எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பதும் மேலே இருக்கும் மேஜர் லீக் அணி. பல நேரங்களில், அடுத்த சீஸனில் தன் அணிக்கு யார் ஆடுவார்கள் என்பது உள்ளூர் நிர்வாகத்துக்கே கடைசி நேரம் வரை தெரியாது.

செப்டம்பரில் மைனர் லீக் ஆட்டங்கள் முடியும். அதன் பிறகுதான் காகித ஆட்டம் ஆரம்பம். வீரர் தன் ஊரில், அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருடைய தலைவிதி, எங்கோ ஓர் அலுவலகத்தில் 40 பெயர் கொண்ட பட்டியலில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு மேஜர் லீக் அணியும் 40 பேரைத் தன்வசம் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். ஐ.பி.எல் ஏலத்துக்கு முன்பு 'தக்கவைக்கப்பட்ட வீரர்கள்' பட்டியல் வருமே, கிட்டத்தட்ட அதுபோல. நவம்பர் நடுவில் கெடு. நான்கைந்து ஆண்டுகள் கீழே ஆடியும் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களை, டிசம்பரில் நடக்கும் 'ரூல் 5 டிராஃப்ட்'டில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். விலை ஒரு லட்சம் டாலர். ஆனால் ஒரு நிபந்தனை. தூக்கிய அணி, அவரை அடுத்த சீஸன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால், பழைய அணிக்குப் பாதி விலையில் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். திறமைசாலியைக் கீழேயே பூட்டி வைத்துக்கொண்டு, தானும் ஆட வைக்காமல் அடுத்தவனுக்கும் விடாமல் இருக்கக்கூடாது என்பதற்காகவே இந்த விதி.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் 1954-க்குப் போக வேண்டும். புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ராபர்ட்டோ கிளெமென்ட்டேவை புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் போனஸ் கொடுத்து எடுத்து, மான்ட்ரியல் நகரில் இருந்த தன் மைனர் லீக் அணியில் போட்டு வைத்திருந்தது. அங்கே பாதி நாள் பெஞ்சில்தான் இருந்தார். அந்த நவம்பரில் நடந்த டிராஃப்ட்டில் பைரேட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. விலை வெறும் 4,000 டாலர்! அடுத்த 18 சீஸன்களும் அதே அணியில். மொத்தம் 3,000 ஹிட்கள். 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவாவில் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள்கள் கொண்டு சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். இன்றைக்கும் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயர் சொன்னால் பெரியவர்கள் கண்கலங்குவார்கள்.

ஆனால், கிளெமென்ட்டேக்கள் அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு டிராஃப்ட்டில் பெயர் வராது. ஏழு சீஸன் வரை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்துவிட்டு (19 வயதுக்கு மேல் சேர்ந்த புதியவர்களுக்கு இப்போது ஆறு), 40 பேர் பட்டியலிலும் இடமில்லாதவர்கள், இறுதிப் போட்டிகளான வேர்ல்டு சீரிஸ் முடிந்த ஐந்தாம் நாள் விடுதலை ஆகிறார்கள். விடுதலை என்று சொன்னாலும் அது வேலையில்லாத நிலைதான். போன் அடிக்குமா என்று காத்திருக்க வேண்டும். அடித்தால் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: மைனர் லீக் ஒப்பந்தம், வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு அழைப்புடன். மேஜர் லீக் இடத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. முகாமுக்கு வந்து ஆடிக் காட்டு, பார்க்கலாம்!

சிலர் காட்டிவிடுகிறார்கள். 2013 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி, ஜஸ்டின் டர்னருக்குப் புது ஒப்பந்தம் தர மறுத்து அனுப்பிவிட்டது. வயது 29. இரண்டு மாதங்கள் கழித்து லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. அன்றைக்கு அது பொடி எழுத்துச் செய்தி. 2017-ல் நேஷனல் லீக் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதை சக வீரரோடு பகிர்ந்துகொண்டார். 2020-ல் சாம்பியன் அணியில் இருந்தார்.

இதில் பணக்கதை கொஞ்சம் கசப்பானது. 2022 வரை, மைனர் லீகின் உச்சமான டிரிபிள் ஏ-யில் ஆடுபவருக்கே ஆண்டுக்குச் சுமார் 17,500 டாலர்தான். பயிற்சி முகாமுக்குச் சம்பளமே இல்லாமல் இருந்தது. குளிர்காலத்தில் கார் ஓட்டியும், சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் பிழைத்தார்கள். அதே 2022-ல், மேஜர் லீகில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7 லட்சம் டாலர். ஒரே ஒரு படி வித்தியாசத்துக்கு 40 மடங்கு! 2014-ல் சில வீரர்கள் போட்ட ஊதிய வழக்கு, எட்டு ஆண்டுகள் இழுத்து, 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2022 செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்து, டிரிபிள் ஏ சம்பளம் 35,800 டாலர் ஆனது. குளிர்காலத்துக்கும் ஓரளவு சம்பளம் உண்டு என்றானது. இதெல்லாம் வருவதற்கு முன்பே, கீழே இருந்த சுமார் 160 அணிகளை 2021-ல் 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதாவது, சம்பளம் உயர்ந்தது. நாற்காலிகள் குறைந்தன.

தினேஷ் படேலும் ரிங்குவும் ஆடியது பழைய சம்பளக் காலத்தில். விடுவிக்கப்பட்ட தினேஷ் இந்தியா திரும்பினார். ரிங்கு, இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். குளிர்காலத்தில் ஆஸ்திரேலிய லீக் வரை போய்ப் பந்து வீசினார். காயங்கள் விடவில்லை. மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்துகூட வீசாமலே பேஸ்பால் வாழ்க்கை முடிந்தது. 2018-ல் டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தத்துக்குப் போய், வீர் மஹான் என்ற பெயரில் புகழ்பெற்றார்.

குளிர்காலப் பட்டியலில் இன்னொரு நாளும் முக்கியம். ஜனவரி 15. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் 16 வயதுப் பையன்கள் அன்றைக்குத்தான் அணிகளோடு கையெழுத்துப் போடத் தொடங்குவார்கள். வீட்டில் கேக் வெட்டி, அணியின் தொப்பியை மாட்டி, குடும்பமே சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். அவன் 40 பேர் பட்டியலில் ஏறாவிட்டால், தானாக வேறு அணி தேடிக்கொள்ளும் உரிமை கிடைக்க ஏழு சீஸன்கள் ஆகும். அப்போது அவனுக்கு 22, 23 வயது. அந்த நவம்பரில் அவனும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.