மலை ஏறும்போது சைக்கிள் பத்திரமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் ஞாயிறு விடுமுறைக்கு மலைக்குச் சென்று வருபவர்கள் பலர். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிவகங்கை மலை வசதியானது. தும்கூர் சாலையில் தாபஸ்பேட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். நகரிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். விடியுமுன் சைக்கிளில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அடிவாரம் சேரலாம். கங்காதரேசுவரரைத் தரிசித்து, உச்சியில் உள்ள நந்தியையும் பார்த்துவிட்டு இறங்க 3, 4 மணி நேரம் ஆகிவிடும்.

அதுவரை சைக்கிள் எங்கே நிற்கும்?

கடைத்தெருவில் நிறுத்தினால், உரியவர் எந்த நிமிடம் வருவாரோ என்ற பயம் திருடனுக்கு இருக்கும். மலையடிவாரத்தில் அந்தப் பயம் இல்லை. நீங்கள் படியேறுவதைப் பார்த்தவுடனே, பகல் வரை திரும்ப மாட்டீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். சைக்கிள் போனால் ஒரு வண்டி போனதோடு முடியாது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு எப்படிப் போவது?

மறைத்து வைக்கலாமா?

புதருக்குள் தள்ளிவிட்டுப் போவது பலர் வழக்கம். இது சரியல்ல. நீங்கள் மறைப்பதை ஒருவன் பார்த்துவிட்டால், பூட்டை உடைக்க அவனுக்கு நீங்களே தனியிடம் கொடுத்தது போலாகும். ஆள் நடமாட்டமுள்ள இடமே நல்லது. அடிவாரத்து டீக்கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கடைக்காரரிடம், "ஸ்வல்ப்ப சைக்கிள் நோட்கொள்ளி அண்ணா" என்று சொல்லுங்கள். எப்போது இறங்குவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காசு கொடுத்து நிறுத்தும் ஸ்டாண்டு இருந்தால் கணக்குப் பார்க்காதீர்கள். டோக்கனை வண்டியில் விடாமல் சட்டைப் பையில் வையுங்கள்.

பூட்டும் முறை

பின் சக்கரத்தில் உள்ள வளையப் பூட்டு சக்கரத்தைச் சுழலவிடாது, அவ்வளவுதான். வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது. மெல்லிய கம்பி வடப் பூட்டைக் கட்டிங் பிளேயரே நறுக்கிவிடும். தடித்த சங்கிலியோ, 'யு' வடிவ இரும்புப் பூட்டோ வாங்குங்கள். பின் சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து, மண்ணில் ஊன்றிய கம்பத்தோடு பூட்டுங்கள். கம்பம் குட்டையாக இருந்தால் வண்டியைப் பூட்டோடு மேலே உருவிவிடலாம், கவனியுங்கள். நண்பர்களாகப் போனால் வண்டிகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிறுத்தி, பிரேம்களைச் சேர்த்துப் பூட்டலாம்.

செருப்பு திருட்டுக்குப் பயந்து கோயில் வாசலில் ஒன்றை இங்கும் ஒன்றை அங்குமாக விடுகிறோம் அல்லவா? அதே யோசனை சைக்கிளுக்கும் உதவும். முன் சக்கரமும் சீட்டும் கையால் கழற்றக்கூடியவையானால், சக்கரத்தைக் கழற்றிப் பின் சக்கரத்தோடு பூட்டிவிட்டு, சீட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். விளக்கு, பம்ப்பு எதையும் விடாதீர்கள். சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டுப் போனால், குரங்குகளே பிய்த்துப் போட்டுவிடும்.

காணாமல் போனால்

வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு பொருந்தும் இடத்தின் அடியிலோ, சீட்டுக்குக் கீழுள்ள குழாயிலோ பிரேம் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்து வையுங்கள். வண்டியோடு ஒரு போட்டோவும் எடுத்து, வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, திருட்டு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் உங்கள் பேட்டை போலீஸ் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவானால், மாஜிஸ்திரேட் உத்தரவு இன்றிப் போலீசார் புலன் விசாரணை செய்ய முடியாது. பில் முக்கியம் என்பது இதனால்தான்.

பிரேம் எண் தெரியாவிட்டால், வண்டி அகப்பட்டாலும் அது உங்களுடையது என்று காட்டுவது கடினம். அடுத்த ஞாயிறு கிளம்புமுன், சனிக்கிழமை இரவே அந்த எண்ணைப் பார்த்து எழுதிவிடுங்கள்.