வெறும் வானத்தில் பத்து நாள்

1995 டிசம்பர் 18 அன்று ஹபிள் தொலைநோக்கி, சப்தரிஷி மண்டலப் பக்கம் எதுவும் தென்படாத ஒரு துளி வானத்தை நோக்கித் திரும்பியது. முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கும் அந்த இடம். பத்து நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹபிளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வானியலாளர்களிடையே கடும் போட்டி. அதை இயக்கிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நேரத்தை இதற்குக் கொடுத்தார். புதிதாகப் பெரிதாய் எதுவும் தெரியாது என்று ஜான் பாகால் போன்ற பெரிய அறிஞர்களே கணித்திருந்தார்கள். ஹபிளின் பார்வைக் கோளாறு சரியாகி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. படம் வெறுமையாக வந்திருந்தால் பழி முழுவதும் வில்லியம்ஸ் தலையில்தான் விழுந்திருக்கும்.

342 படங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய 3,000 கேலக்ஸிகள்!

எது அருகில், எது தொலைவில்? இங்கேதான் வண்ண வடிகட்டிகள் கைகொடுத்தன. புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பின் விளிம்புவரை நான்கு வடிகட்டிகள் வழியாகப் படம் எடுத்திருந்தார்கள். கேலக்ஸியின் புற ஊதா ஒளியில் ஒரு பகுதியை ஹைட்ரஜன் விழுங்கிவிடும். விரியும் பிரபஞ்சத்தில் ஒளியின் அலைநீளமும் நீள்வதால், அப்படி ஒளி வெட்டுப்படும் இடம் மெல்ல நீலம், சிவப்பு என்று நகரும். ஆக, எந்த வடிகட்டியில் ஒரு கேலக்ஸி காணாமல்போகிறது என்பதே அதன் தொலைவைச் சொல்லிவிடும். ஹவாயின் கெக் தொலைநோக்கி பலவற்றின் தொலைவை நிறமாலை எடுத்து உறுதிசெய்தது.

ஒளி வந்துசேரக் காலம் பிடிப்பதால், தொலைவு தெரிந்தால் காலமும் தெரியும். தொடக்கக் கேலக்ஸிகள் சிறியவை, உருக்குலைந்தவை. அழகிய சுருள் வடிவங்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவை. விண்மீன்கள் மிக வேகமாகப் பிறந்தது சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய வேகம் அதில் பத்தில் ஒரு பங்குதான். பியரோ மடாவ் குழுவினர் 1996-இல் இந்த வரலாற்றை வரையத் தொடங்கினார்கள்.

அது சாத்தியமானதற்கு வில்லியம்ஸின் இன்னொரு முடிவும் காரணம். தரவுகளை ஓராண்டு தனியே வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, அவர் உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டார். படத்துக்கு இணையான சாதனை இது என்பேன்.

அதே வடிகட்டி வழியில் இன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இன்னும் ஆழம் போகிறது. பெருவெடிப்புக்குப் பின் முப்பது கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸி ஒன்றின் தொலைவு 2024-இல் உறுதியானது. எதிர்பார்த்ததைவிட மிகப் பிரகாசம். 2025-இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி அதில் ஆக்சிஜனையும் கண்டது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள் சமைவது. அப்படியானால் அதற்குள்ளாகவே அங்கே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, வாழ்ந்து, வெடித்து முடிந்திருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் அது எப்படி நடந்தது என்று கோட்பாட்டாளர்கள் இப்போது கணக்குகளைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.