விழாமல் நிற்க மூன்று வழிகள்

ஸ்ரீரங்கத்தில் என் வயசுக்காரர்கள் (எல்லோரும் நாற்பதைத் தாண்டியாச்சு) யாரைக் கேட்டாலும், சின்ன வயசு விளையாட்டுச் சாமான் என்றதும் இந்த மூணும் கட்டாயம் வரும்: நடைவண்டி, தலையாட்டி பொம்மை, பம்பரம். மரப்பாச்சி, சொப்பு, பல்லாங்குழி எல்லாம் அடுத்த வரிசைதான். எங்கள் வீட்டு நடைவண்டி வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ரங்கா ரங்கா கோபுரத்துப் பக்கம் வாங்கியது. பம்பரம் மலைக்கோட்டை சின்னக்கடை வீதியில். தலையாட்டி, தஞ்சாவூர் போய்வந்த சித்தப்பா கொண்டுவந்தது.

கொஞ்ச நாளாக இந்தச் சாமான்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்: விழாமல் நிற்பது எப்படி? ஒரு வயசுப் பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய கேள்வி அதுதானே!

நடைவண்டி: மூன்று புள்ளி

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் வண்டி. ஏன் மூன்று சக்கரம்? நாலு கால் ஸ்டூல் ஆடும், முக்காலி ஆடாது. எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரே தளத்தில் அமையும். நாலாவது புள்ளியும் அதே தளத்தில் வரணும்னு கட்டாயம் இல்லை. வாசலில் மண், ரேழியில் கருங்கல், கூடத்தில் சிவப்பு சிமெண்ட் என்று தரை மாறிக்கொண்டே இருந்த வீடுகளில் மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டபடியே இருக்கும்.

ஆனால் ஆடாது என்றால் கவிழாது என்று அர்த்தமில்லை. ஆட்டோ வேகமாக வளையும்போது சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். எடை விழும் இடம் அந்த மூன்று புள்ளிகள் போடும் முக்கோணத்துக்கு வெளியே போனால் கவிழ்ந்துவிடும். அதனால்தான் பிள்ளை சாயும் பின்பக்கத்தை அகலமாகவும், வண்டியைத் தாழ்வாகவும் செய்தார்கள்.

இது எவ்வளவு பழசு? கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. வெயிலில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியின்மீது பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது போய், சிறுவர்கள் குதிரை இல்லாமல் உருட்டும் சிறுதேரின் வழியில் விழுந்து தடுக்கிறது. அந்தத் தேருக்கு மூன்று சக்கரம் என்று புலவர் எண்ணிச் சொல்கிறார்! அதே உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு தேர் வருகிறது. தச்சர்கள் செய்தது, ஏறிப் போகிற தேர் இல்லை. அதை உருட்டித் தளர்நடை நடந்த பிள்ளை களைத்துப்போய், செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. ஏறாமல், பின்னால் நின்று, தள்ளாடியபடி உருட்டும் வண்டி. என்னைப் பொறுத்தவரை அது நடைவண்டியேதான்.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டல். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரை ஊர்ப் பிள்ளைகள் ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போகும் சின்னச் சப்பரமும் இந்தத் தேருக்கு உறவுதான்.

தலையாட்டி: கீழே கனம்

தஞ்சாவூர் பொம்மையில் இரண்டு வகை உண்டு. தலை, இடுப்பு, பாவாடை தனித்தனியாக ஆடும் நடனப் பெண் ஒன்று. இன்னொன்று தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி. நான் சொல்வது இரண்டாவது.

இதன் ரகசியம் அடிப்பாகத்தில். அடி அரைக்கோளம், உள்ளே களிமண் கனம். மேல்பாகம் காகிதக் கூழில் செய்த வெறும் கூடு. அதனால் மொத்த எடையின் மையம் மிகத் தாழ்வாக, அந்தக் கோளத்தின் மையத்துக்கும் கீழே இருக்கும். பொம்மையைச் சாய்த்தால் தரையைத் தொடும் புள்ளி சாய்ந்த பக்கமாக நகரும். எடை மையமோ அவ்வளவு தூரம் நகராது, பின்தங்கிவிடும். தொடு புள்ளிக்கு மறுபக்கத்தில் எடை நிற்பதால் அது பொம்மையைத் திருப்பி இழுக்கிறது. வேகத்தில் நிமிர்ந்த நிலையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்... அந்த ஆட்டம்தான் நமக்கு வேடிக்கை.

ஜப்பானில் இதே தத்துவத்தில் தருமா பொம்மை இருக்கிறது. அதன் உருவம் போதிதருமர். அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்று நம் பக்கம் ஒரு மரபு உண்டு. 2006-ல் ஹங்கேரிக்காரர்கள் இரண்டு பேர், தொமோகோஷும் வார்கோனியும், உள்ளே தனியாகக் கனம் வைக்காமல் வடிவத்தாலேயே தானாக நிமிரும் ஒரு பொருளைச் செய்துகாட்டினார்கள். அதற்கு கோம்போட்ஸ் என்று பெயர். அந்த ஆராய்ச்சிக்குப் பெரிய கணிதம் தேவைப்பட்டது. நம் ஊர்க் கைவினைஞருக்கு ஒரு பிடி களிமண் போதுமாக இருந்தது.

பம்பரம்: சுழற்சி

பம்பரத்தில் எல்லாம் தலைகீழ். கனம் மேலே, கீழே ஒற்றை ஆணி. நிறுத்திவைத்தால் ஒரு நொடிகூட நிற்காது. சாட்டையைச் சுற்றி விட்டால் நிற்கிறது. அபீட் எடுத்தால் உள்ளங்கையிலும் நிற்கும்.

சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. புவியீர்ப்பு அதைக் கீழே சாய்க்கப் பார்க்கும்போது அச்சு விழுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் மெதுவாக வட்டம் போடும். சுழற்சி குறையக் குறைய அந்த வட்டம் வேகமாகும். கடைசியில் தலை கிறுகிறுவென்று ஆடி விழும்.

பூமியும் இப்படி ஒரு பம்பரம்தான். அதன் அச்சு ஒரு வட்டம் போட ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகிறது, அதாவது 72 ஆண்டுக்கு ஒரு பாகை. இதன் விளைவு நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். பஞ்சாங்கத்தில் உத்தராயணம் பிறப்பதோ தை ஒண்ணாம் தேதி. நடுவில் விழுந்த இருபத்துச் சொச்சம் நாள், அந்தப் பெரிய பம்பரம் தலையாட்டியதால் வந்தது. அயனாம்சம் என்று போட்டிருப்பது அந்தக் கணக்கைத்தான்.

நாலாவது வழி

மூன்றையும் எழுதக் காரணம், இப்போது வீடுகளில் இருக்கிற நாலாவது விடை. பிளாஸ்டிக் வளையம், நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் சக்கரம்: உட்கார்ந்து ஓட்டும் வாக்கர். குழந்தை விழாது, ஏனென்றால் அது நிற்கவே இல்லை, தொங்குகிறது. நுனிக்காலால் உந்துகிறது. தட்டு மறைப்பதால் தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடியாது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி, சாயும்போது சுதாரித்துக்கொள்வதுதான் நடை. அந்தப் பயிற்சி இதில் கிடையாது.

ஆபத்தும் அதிகம். நொடிக்கு மூன்றடிக்கு மேல் ஓடும், பெரியவர் எட்டிப் பிடிப்பதற்குள் படியில் இறங்கிவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்குட்பட்ட 2,30,000-க்கும் அதிகமான குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்ததாக ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. பத்தில் ஒன்பது காயம் தலையிலும் கழுத்திலும். நாலில் மூணு, மாடிப்படியில் விழுந்தது. கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் சீமந்தத்துக்கும் ஆண்டு நிறைவுக்கும் பரிசாக வந்துகொண்டிருக்கிறது.

நடைவண்டி அப்படி இல்லை. பிள்ளை தன் காலில் நிற்கிறது, வண்டி பிடிமானம் மட்டும் தருகிறது. கையை விட்டால் விழும். ஆனால் தன் உயரத்திலிருந்து, பின்பக்கமாகப் பொத்தென்று.

வாங்குகிறவர்களுக்கு

பழசு என்பதாலேயே எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து மஞ்சள், சிவப்புப் பெயின்டுகளில் ஈயம் கலப்பது சகஜம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மை போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே திருவிழாக் கடையில் வாங்கும்போது நாம்தான் பார்த்து வாங்கணும். பிள்ளை கடிக்காமல் விடாது. பெயின்ட் அடிக்காத மரமோ, அரக்குப் பூச்சோ நல்லது.

நடைவண்டி என்றால் கட்டை பிள்ளையின் நெஞ்சுயரம் இருக்கட்டும், அடி கனமாக இருக்கட்டும், சிலாம்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பிள்ளை தானாக எதையாவது பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகு கொடுங்கள். படிக்கட்டு, முற்றம் பக்கம் வேண்டாம். கூடவே பெரியவர் ஒருத்தர் இருக்கணும்.

தலையாட்டியை அலமாரியில் எட்டும் உயரத்தில் வையுங்கள், தள்ளிவிட்டுப் பார்க்கட்டும். பம்பரம் ஏழெட்டு வயசு வரை காத்திருக்கலாம். ஆணி இருக்கு.