சுங்கம் போனது, சோதனை போகவில்லை

மைசூரிலிருந்து பந்திப்பூர்க் காட்டைக் கடந்து வரும் சாலை தெப்பக்காட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை மசினகுடி வழியாகக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஊட்டிக்குப் போகும். இன்னொரு கை கூடலூருக்கு. மாயாற்றுப் பாலத்தருகே டீ குடித்தபடி நின்றால் இரு பக்கமும் போகிற சரக்கைப் பார்க்கலாம். யானை முகாமைப் பார்க்க வருகிறவர்களின் கார்களுக்கு நடுவே அரிசி, காய்கறி, உரம், மிளகு என்று லாரிகள் ஊர்ந்து போகும்.

சில கிலோமீட்டர் தள்ளி கக்கநல்லா. தமிழ்நாடும் கர்நாடகமும் தொட்டுக்கொள்ளும் இடம். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வரும்வரை மாநில எல்லை என்றாலே வணிகவரிச் சாவடிதான். பில், படிவம், சீல், காத்திருப்பு. அந்தச் சாவடிகள் நாடு முழுக்க அடுத்தடுத்துக் காலியாயின. ஆனால் கக்கநல்லாவில் வண்டி நிற்பது நிற்கவில்லை. "வரி கேக்க ஆளில்லண்ணே. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னுதான் வண்டியைத் துழாவுறாங்க" என்றார் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிக்கு இ-பாஸ். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கே தடை. இவை எதுவும் வரி இல்லை. எல்லாம் விதி. காட்டுக்கும் மலைக்கும் அவை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. எல்லையில் வரி ஒழிந்த பிறகும் விதி நின்று வண்டியை மறிக்கும் என்பதற்குத்தான் இதைச் சொன்னேன். நாடுகளுக்கு இடையிலான எல்லைகளிலும் இதே கதைதான்.

பிரிட்டன் மக்கள் 2016 ஜூன் 23-இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தபோது, அங்கே மேடைகளில் அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்று, 'இனி யாரோடு வேண்டுமானாலும் நாமே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்' என்பது. 2020 ஜனவரி 31-இல் விலகினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் இடைக்காலமும் முடிந்தது. ஒப்பந்தங்களும் வந்தன. பசிபிக் நாடுகளின் சிபிடிபிபி கூட்டில் 2024 டிசம்பரில் சேர்ந்தார்கள். நம்மோடு 2025 ஜூலை 24-இல் கையெழுத்திட்டார்கள். ஸ்காட்ச் விஸ்கிக்கு நாம் போட்டுவந்த 150 சதவீத வரி முதலில் 75 ஆகி, பத்தாண்டில் 40-க்கு இறங்கும் என்பது அதில் முக்கியமான விஷயம். ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் லண்டனால் இதைத் தனியாகப் பேசியிருக்க முடியாது. அது உண்மை. பசிபிக் கூட்டால் நீண்டகாலத்தில் கிடைக்கும் லாபம் நாட்டின் உற்பத்தியில் 0.08 சதவீதம் என்று பிரிட்டிஷ் அரசே கணக்குப் போட்டதும் உண்மை. விலகியதால் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. கூட்டிக் கழித்துப் பார்க்கக் கால்குலேட்டர் வேண்டாம்.

நீலகிரிக்கு இதில் என்ன? பிளாக் டீக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலும் வரி கிடையாது, பிரிட்டனிலும் கிடையாது. ஆகவே ஒப்பந்தம் வந்தாலும் போனாலும் குன்னூர் ஏலத்தில் தேயிலை வாங்கி அனுப்புகிறவருக்கு வரியில் லாபமோ நட்டமோ இல்லை. அவர் பயப்படுவது ஆய்வகச் சான்றிதழுக்கு.

ஒரே ஓர் உதாரணம். ஆந்த்ராகுவினோன் என்ற பொருள் தேயிலையில் ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஐம்பது டன் தேயிலைக்கு ஒரு கிராம் என்று கணக்கு. இதை யாரும் செடியில் தெளிப்பதில்லை. விறகுப் புகையிலிருந்து வரலாம், பொட்டலக் காகிதத்திலிருந்தும் வரலாம். நம் மலைத் தேயிலை ஃபேக்டரிகளில் இலை உலர்த்த எரிவது பெரும்பாலும் விறகுதான். புகை எங்கோ ஒரு பொத்தலில் கசிந்து உலர்காற்றோடு கலந்தால் போதும், ஹாம்பர்க் துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றுவிடும். பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஒரு வரி, கோத்தகிரியில் ஓர் அடுப்பின் குழாயை மாற்றச் சொல்கிறது. எந்த வர்த்தக ஒப்பந்தத்தின் தீர்வை அட்டவணையிலும் இந்த அடுப்பு இடம்பெறாது.

விலகியபோது பிரிட்டன் ஒன்றியத்தின் பயிர்மருந்து எச்ச வரம்புகளை அப்படியே தன் சட்டமாக எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டும் மெல்லப் பிரிந்தன. பாஸ்காலிட் போன்ற சில மருந்துகளுக்குத் தேயிலையில் அனுமதிக்கும் அளவை லண்டன் தாராளமாக உயர்த்தியது. பிரஸ்ஸல்ஸ் உயர்த்தவில்லை. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதியானாலும், பொருள்கள் விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகளையே பெரும்பாலும் ஒட்டி நிற்கிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்க 2023-இல் விண்ட்ஸர் ஏற்பாடு என்று ஒன்று செய்தார்கள். அதன் விளைவாக, பிரிட்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் கடைகளுக்குப் போகும் பல உணவுப் பொருள்களின் மேல் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சிட வேண்டியதாயிற்று. சொந்த நாட்டுக்குள் போகிற சரக்குக்கு இப்படி ஒரு சீட்டு!

லண்டன் தளர்த்தியது நமக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நடைமுறை வேறு. கூடலூர், குந்தா, கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி காலையில் பறித்த கொழுந்தை இலை ஏஜென்டிடம் கொடுக்கிறார். நூறு தோட்டத்து இலை ஒரே வண்டியில் ஏறி, ஒரே ஃபேக்டரியில் வாடி, ஒரே எந்திரத்தில் அரைபடுகிறது. அந்தத் தூள் லண்டனுக்கா, ஹாம்பர்க்குக்கா, ஈரோட்டு டீக்கடைக்கா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஏற்றுமதியாளர் இரண்டு ரூல் புத்தகங்களில் கடுமையானதைத்தான் கையில் வைத்திருப்பார். தளர்வான புத்தகம் அலமாரியில் கிடக்கும். பெரிய சந்தையின் விதிதான் சிறிய சந்தைக்கும் விதி என்பது இப்படித்தான் நடக்கிறது. அதைப் பிரிட்டனும் கடைசியில் ஒப்புக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. 2025 மே 19-இல் ஒன்றியத்தோடு மறுபடி உட்கார்ந்து, உணவு, தாவர, கால்நடைச் சுகாதார விதிகளில் ஒன்றியம் மாற்றும்போதெல்லாம் தானும் மாற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதித்தது. முன்பு அந்த விதிகளை எழுதும் மேசையில் அதற்கு ஒரு நாற்காலி இருந்தது, ஓட்டும் இருந்தது. இப்போது ஓட்டு இல்லை.

நாமும் ஒரு கூட்டின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள்தான். 2019 நவம்பர் 4-இல் பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேராது என்று பிரதமர் மோடி அறிவித்தார். சீனப் பொருள்கள், நியூசிலாந்துப் பால் என்று நாடெங்கும் பயம் இருந்தது. மலையில் பயம் வேறு: வியட்நாம் மிளகு, வியட்நாம் தேயிலை. அன்று சேராமல் இருந்தது நீலகிரிக்கு நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைக் கொண்டாட முடியவில்லை. ஆசியான் நாடுகளோடு 2010-இலேயே தனி ஒப்பந்தம் நடப்புக்கு வந்துவிட்டது. அதன்படி பிளாக் டீக்கான வரி நூறிலிருந்து 45 சதவீதமாகவும், மிளகு வரி 70-லிருந்து 50 ஆகவும் படிப்படியாக இறங்கியது. இலங்கையோடு 2000-லிருந்தே தடையற்ற வர்த்தகம். வியட்நாம் மிளகு இலங்கைக்குப் போய், 'இலங்கையில் விளைந்தது' என்று சான்றிதழ் மாற்றிக்கொண்டு சலுகை வரியில் நம் சந்தைக்குள் இறங்குகிறது என்ற புகார் அப்படித்தான் கிளம்பியது. முன்வாசலைச் சாத்தினோம், கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று 2017 டிசம்பரிலும், பிறப்பிடச் சான்றைச் சோதிக்கத் தனி விதிகள் என்று 2020 செப்டம்பரிலும் அரசு பூட்டுப் போட்டுப் பார்த்தது.

கூட்டு வேண்டாம் என்றபின் ஒவ்வொரு நாடாகப் பேசினோம். 2022-இல் அமீரகம், ஆஸ்திரேலியா. 2024-இல் சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா. பிறகு பிரிட்டன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிறப்பிட விதி, தனிச் சான்றிதழ், தனிக் கால அட்டவணை. பெரிய கம்பெனிக்கு இதைப் பார்க்க ஆள் இருக்கிறது. சிறு ஏற்றுமதியாளருக்கு இடியாப்பச் சிக்கல்தான்.

இதையெல்லாம்விட நீலகிரியை உலுக்கிய கதை பழையது. அப்போது விலகியது நாமும் அல்ல, வாங்குபவரும் அல்ல. ஒரு நாடே கலைந்தது. 1980-களில் இந்தியத் தேயிலை ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி சோவியத் யூனியனுக்குப் போனது. டாலர் தேவையில்லை, ரூபாயிலேயே கணக்கு. குன்னூர் ஏலத்தில் 'ரஷ்யாக்காரன் வாங்குவான்' என்பது ஒரு பொருளாதாரக் கொள்கை மாதிரியே இருந்தது. நிச்சயமான வாங்குபவர் இருந்தால் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பொறுமையாகக் கிள்ள வேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது. முற்றிய இலையும் சேர்ந்தே வந்தது. 1991-இல் அந்த நாடு இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே பழைய ரூபாய்-ரூபிள் ஏற்பாடும் முடிந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தபோது அடுத்த அடி. அதன்பின் பச்சைத் தேயிலை விலை விழுந்த வேகத்தையும் மலைக் கிராமங்களில் நடந்த போராட்டங்களையும் படுகர் ஊர்களில் இன்னமும் பேசுகிறார்கள். 'ஊட்டி டீ' ரேஷன் கடைக்கு வந்ததும் அந்த நெருக்கடியை ஒட்டித்தான்.

கவனித்துப் பாருங்கள். சோவியத் சந்தை போனபோது வெளியே தெரிந்தது விலை. உள்ளே தெரிந்தது தரம். அதுவரை யாரும் கேட்காத சோதனைகளை அதன்பின் வந்த ஒவ்வொரு வாங்குபவரும் கேட்டார்கள். அதற்குப் பழக அரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகளுக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

தேயிலை வாரியத்துக்கும் வர்த்தக அமைச்சகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை சதவீத வரி குறைந்தது என்று விளம்பரம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அந்த நாடு எந்த மருந்தை எவ்வளவு அனுமதிக்கிறது, தெளித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம் என்பதை ஒரே தாளில், தமிழில் அச்சிட்டு, கூடலூரிலும் கோத்தகிரியிலும் இலை எடை போடும் ஒவ்வொரு இடத்திலும் ஒட்டி வையுங்கள்.