பி.காம். மாணவருக்கு ஜெர்மன் எதற்கு?

கல்லூரியில் பகுதி ஒன்று மொழிப்பாடத்துக்குத் தமிழை விட்டு பிரெஞ்சு எடுக்கிறவர்கள் சென்னையில் நிறைய உண்டு. பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகத்தான். நான்கு செமஸ்டர் கழித்து வினைச்சொல் பட்டியலைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் போனில் வந்தால் வாய் எழாது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை, கேட்ட மதிப்பெண் கிடைத்துவிட்டது. அதையே பயோடேட்டாவில் வேலைக்கான தகுதியாக எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வணிகம் படித்தவருக்கு அயல்மொழி சோறு போடும் இடம் என்றதும் ஏற்றுமதியும் சுற்றுலாவும் நினைவுக்கு வரும். அவற்றைவிடப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: பன்னாட்டு நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் நடத்தும் கணக்கு மையங்கள். ஐரோப்பியக் கிளைகளுக்கு வரும் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலையில் ஒரு பகுதி இங்கேதான் நடக்கிறது.

ஜெர்மன் பில் ஒன்றைப் பாருங்கள். தொகை 1.250,50 என்று இருக்கும். ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ, ஐம்பது சென்ட். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். அதற்குக் கீழே 19 சதவீத வரி. புத்தகம் போன்ற சிலவற்றுக்கு 7 சதவீதம். அடியில் பொடி எழுத்தில், இத்தனை நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்றும் சில பில்களில் இருக்கும். இவ்வளவையும் இன்று மென்பொருளே படித்துவிடும். மின்னஞ்சலையும் மொழிபெயர்த்துத் தரும். வரி எண் பொருந்தாமல் பில் நின்றுபோய், ஹாம்பர்க் சப்ளையர் கோபமாகக் கூப்பிடும்போதுதான் ஆள் தேவை. அந்த ஆளுக்கு ஜெர்மனும் தெரிய வேண்டும், பில் ஏன் நின்றது என்ற கணக்கும் தெரிய வேண்டும். பி.காம். மாணவரின் பலம் இங்கேதான். மொழி மட்டும் படித்தவரால் முதல் பாதியைத்தான் சமாளிக்க முடியும்.

ஆனால் அந்த அழைப்பைச் சமாளிக்க ஏ1 சான்றிதழ் உதவாது. ஐரோப்பிய மொழிகளில் ஏ1 தொடங்கி சி2 வரை 6 படிகள். ஏ1 முடித்தவர் தன் பெயர், ஊர், குடும்பம் சொல்வார், கடையில் விலை கேட்பார். சண்டைக்கு வருகிறவரிடம் பதில் சொல்லக் குறைந்தது பி2 வேண்டும். ஜெர்மனில் அதை எட்ட 600 முதல் 800 பாடவேளை ஆகும் என்பது ஜெர்மன் கற்பிக்கும் கதே நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு 6 பாடவேளை என்று வைத்தாலும் ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை வருடம் ஆகும். ஆகவே முதலாண்டிலேயே தொடங்குகிறவருக்குத்தான் இது கட்டுப்படியாகும். மூன்றாம் ஆண்டில், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் அவசரமாக ஏ1 சேர்வது என் கணக்கில் வீண் செலவு. சி.ஏ. இன்டர் எழுதுகிறவருக்கும் இதே பதில்தான். முதலில் அதை முடியுங்கள்.

ஜப்பானிய மொழியின் கதை வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதால் அதன் மீது ஆசை வருவது இயல்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. (அதே பட்டியலில் தமிழுக்கு 1,100 மணி!) அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. நமக்கு ஒரு சலுகை உண்டு: ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால்தான் வரும். வாக்கிய அமைப்பு தமிழருக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். எழுத்து விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 ‘கான்ஜி’ எனும் சீன வழி எழுத்துகள்.

இன்னொன்று. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வே இல்லை. அதன் நடுப்படியான என்3 சான்றிதழ் கையில் இருந்தும் நேர்காணலில் திணற வாய்ப்புண்டு. வகுப்புக்கு வெளியே பேச ஆள் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் அந்த மொழியின் பெயரையும் ‘அக்கவுன்ட்ஸ்’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். எந்த ஊரில் வேலை, எந்தப் படி கேட்கிறார்கள், அனுபவம் இல்லாதவரை எடுக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரமே அதிகம் கண்ணில் படவில்லை என்றால் அந்த மொழியை ஆசைக்குப் படிக்கலாம், வேலையை நம்பி வேண்டாம்.